இருபத்து மூன்று தவறிட்டார்

இருபத்து மூன்றாம் எண்ணுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் பங்கேற்பாளர் பெயர் மட்டும் என் வாயிலிருந்து வருவதில்லை. அதனால் உங்களுக்கும் அவர் இருபத்து மூன்றுதான்.

மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு புதிதாக வந்திருக்கிறீர்கள். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் விளக்கிச் சொல்ல முடியாமல் "ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று தப்பித்துக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான் தப்பித்தேன். யாரை எந்தத் தேதியில் வரவழைப்பது, பஸ் கிடைக்காதவருக்கு என்ன வழி, யார் மாத்திரை சாப்பிட்டார், யார் சாப்பிட்டதாக நம்மிடம் கதைவிட்டார் என்று பார்ப்பதுதான் நம் பிழைப்பு. நோயைப் பார்க்க டாக்டர் இருக்கிறார். ஆளைப் பார்க்க வேண்டியது நாம். நான் ஒரு தடவை பார்க்கத் தவறினேன், அதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எனக்குப் போன் போடக்கூடாது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் எங்கள் பிரிவு இருந்தது. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்களுக்கு ஒரு புது கேப்ஸ்யூலைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நாலு வாரத்துக்கு ஒரு தடவை வந்து காலைக் காட்ட வேண்டும். தினமும் சாப்பிட்டதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

வர வேண்டியவர் வராவிட்டால் படிவத்தில் 'தவறிய வருகை' என்று ஒரு கட்டம் உண்டு. பாபநாசம் பக்கத்துப் பதினொன்று நடவு தொடங்கிவிட்டால் எட்டிப் பார்க்க மாட்டார். பேராவூரணித் தென்னந்தோப்புக்காரர் முப்பது, தேங்காய் வெட்டு என்றால் போனையே எடுக்க மாட்டார். அந்தக் கட்டத்தில் டிக் அடித்து அடித்து எங்கள் பேச்சே மாறிப்போயிருந்தது.

"அக்கா, பதினொன்னு தவறிட்டாங்க."

"போச்சுடா, இந்த மாசமுமா? முப்பது?"

"அவரும் தவறிட்டாரு."

நாளெல்லாம் இப்படித்தான் சிரித்துக்கொண்டே பேசுவோம். வெளி ஆள் யாராவது கதவுப்பக்கம் நின்று கேட்டிருந்தால், இத்தனை சாவுக்கு இவ்வளவு சிரிப்பா என்று மிரண்டு ஓடியிருப்பார். எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

இருபத்து மூன்று கோடியக்கரைப் பக்கத்து மீனவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். எப்போதோ காலில் மீன் முள் ஏறி, புண் ஆறாமல், சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். முதல் தடவை வந்தபோது, "நான் தின்ன மீனுக்கு அது ஒரு விரலாவது திங்க வேணாமாம்மா?" என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். பாதம் பரிசோதிக்கிற நர்ஸ் ஸ்டெல்லா, கோப்பில் இருந்த பாதப் படத்தில் அந்த விரலின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

இரண்டாம் தடவை வந்தபோது, "எந்திரிச்சா கிறுகிறுங்குதும்மா" என்றார். டாக்டர் பார்த்தார். ரத்த அழுத்தமும் நாடியும் சரியாகத்தான் இருந்தன. 'கவனிக்கவும்' என்று எழுதி வைத்தோம். தூரத்து ஆள் என்பதால் இரண்டு மாதத்துக் கேப்ஸ்யூலை ஒரே புட்டியில் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் வருகை நாளில் அவர் வரவில்லை. ஐப்பசி அடைமழை. மத்தியானம் வரை பார்த்துவிட்டுப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். பின்னால் மழையா, காற்றா, ஒரே இரைச்சல்.

"இன்னைக்கு அவர் வரணுமேம்மா, ஏன் வரல?"

"அவங்க தவறிட்டாங்கம்மா."

"சரி, பரவால்லம்மா. எல்லாருக்கும் நடக்கிறதுதான். அடுத்த தடவை மட்டும் தவறாம வரச் சொல்லுங்க."

அந்த இரைச்சலுக்கு நடுவே ரொம்ப மெதுவாகக் கேட்டார்:

"வருவாங்களாம்மா?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? வரணும். கண்டிப்பா வரணும்."

"சரிம்மா."

போனை வைத்துவிட்டு 'தவறிய வருகை' கட்டத்தில் டிக் அடித்தேன். டீ குடிக்கப் போனேன்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. செத்து நாலே நாள் ஆனவரைத் தவறாமல் வரச் சொல்லிவிட்டு, வராவிட்டால் நன்றாயிருக்காது என்கிற குரலில் அவர் பெண்டாட்டியிடம் பேசிவிட்டு, டீயில் சர்க்கரை போதவில்லை என்று கேன்டீன்காரரிடம் சண்டை வேறு போட்டேன். தமிழ்தான் எனக்குத் தாய்மொழி. எங்கள் வீட்டிலும் சாவுக்குத் 'தவறிட்டாங்க' என்றுதான் சொல்வோம். ஆனால் அந்த மாடிக்கு ஏறிவிட்டால் அந்தச் சொல்லுக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான்.

விதிப்படி ஒரு வாரத்துக்குள் வேறு தேதி கொடுத்திருக்க வேண்டும். இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. வேதாரண்யம் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்றார்கள். அதையே சாக்காக எழுதி விட்டுவிட்டேன்.

நாலாவது வருகைக்கு முந்தின நாள் திரும்பவும் அந்த எண்ணுக்குப் போட்டேன். இந்தத் தடவை ஆண் குரல். அதே குரல், அதே இழுவை.

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன். கால் எரிச்சலுக்கு எங்ககிட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிடுறது நீங்கதானே?"

பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார்.

"ஆமாம்மா. இப்ப நான்தான்."

"நாளைக்கு வரணும், ஞாபகம் இருக்கா?"

"வரேன்மா. வீட்டுல சொன்னாங்க."

'இப்ப நான்தான்' என்று எவனாவது சொல்வானா? சொன்னார், கேட்டேன், காதில் ஏறவில்லை.

மறுநாள் நான் போவதற்கு முன்பே வந்து சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதே முகச்சாடை, ஆனால் தலை மொட்டை, மீசையும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது, அந்தப் பெயருக்கு உரியவர் வருகிறாரா என்பதுபோல் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் தயங்கித் தயங்கி எழுந்தார். எனக்கு முதுகில் என்னவோ ஊர்ந்த மாதிரி இருந்தது. ஏசியைக் குறைத்து வைக்கச் சொன்னேன்.

"என்னங்க மொட்டை? வேளாங்கண்ணியா?"

"இல்லம்மா. வீட்டுல ஒரு காரியம்."

"அடடா, யாருக்கு?"

"அண்ணனுக்கும்மா."

"ஐயோ பாவமே" என்றேன். தண்ணீர் கொடுத்தேன். சாவு வந்த வீட்டில் உடம்பைக் கவனிக்காமல் விடக்கூடாது என்று நாலு வார்த்தை ஆறுதலும் சொன்னேன். இருபத்து மூன்று செத்ததற்கு இருபத்து மூன்றிடமே துக்கம் விசாரித்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். எப்போதும் அவர் மனைவிதான் எழுதுவார், உருண்டை உருண்டையான எழுத்து. நடுவில் பதினாறு நாள் ஒன்றுமே எழுதவில்லை. பதினேழாம் நாளிலிருந்து மறுபடி காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஒழுங்காக ஓடியது. நம் ஊரில் பதினாறு நாள் எதற்குக் கணக்கு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் பேனாவை எடுத்து, 'மருந்து தவறிய நாட்கள்: பதினாறு' என்று எழுதினேன். எடை ஆறு கிலோ குறைந்திருந்தது. துக்கத்தில் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்து ஸ்டெல்லாவின் அறைக்கு அனுப்பி வைத்தேன்.

ஐந்து நிமிஷம் இருக்கும். ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்களேன்."

ஸ்டெல்லா சத்தக்காரி. அன்றைக்கு அவள் குரல் ஊசி விழுகிற மாதிரி வந்தது. போனேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் இடது பாதம் இவள் மடியில் இருந்தது. பக்கத்தில் கோப்பு திறந்து கிடந்தது, சிவப்புப் பெருக்கல் குறியோடு.

"எண்ணிப் பாருங்க" என்றாள்.

எண்ணினேன். ஐந்து. கட்டை விரலிலிருந்து எண்ணினேன், சுண்டுவிரலிலிருந்தும் எண்ணினேன். ஐந்துதான். ஜன்னலில் நல்ல வெயில், கீழே ரோட்டில் பஸ் ஹாரன், எல்லாம் எப்போதும் போல இருந்தது. சுண்டுவிரல் நகத்தில் கொஞ்சம் உப்புச் சேறு ஒட்டியிருந்தது. ஆள்மாறாட்டம் என்றெல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றவே இல்லை. வெட்டி எடுத்த விரல் முளைத்து வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. வாய் தானாகக் கேட்டது:

"இது எப்ப வந்துச்சு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எனக்கு எப்பவும் இருக்கும்மா. அண்ணனுக்குத்தான் இல்ல."

எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. மொட்டை, பதினாறு நாள், இப்ப நான்தான், தவறிட்டாங்கம்மா. கடைசியில் 'வருவாங்களாம்மா?'

பயந்தவளுக்குக் கோபம்தான் முதலில் வரும். என் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"யாருய்யா உன்னை வரச் சொன்னது?"

அவர் எழுந்து கை கூப்பினார். "நீங்கதாம்மா. தவறாம வரச் சொன்னீங்களாமே, அண்ணி சொன்னாங்க. கடைசி வரைக்கும் வரேன்னு அண்ணன் உங்ககிட்ட கையெழுத்துப் போட்டது பாதியில நிக்குது. வலை இழுக்க வீட்டுக்கு ஒரு ஆள் போகணும்மா எங்க ஊர்ல. அண்ணனுக்கு முடியலன்னா நான் போவேன். இதுவும் அப்படித்தானேன்னு வந்தேன்."

"மாத்திரை?"

"எனக்கும் சக்கரைதாம்மா, எனக்கும் கால் எரியுது. காரியம் முடிஞ்ச மறுநாள்லேருந்து அண்ணிதான் எடுத்துக் குடுக்குறாங்க. ஒரு வேளை கூட விடல."

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? 'உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு' என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "இது போலீஸ் கேஸ் ஆகும், தெரியுமா?"

மனுஷன் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஸ்டெல்லா கையில் இருந்த சீட்டை நீட்டினாள். "அக்கா, நாடி நாப்பதுதான் இருக்கு. இப்பத்தான் பாத்தேன். எந்திரிச்சா கிறுகிறுங்குதுன்னு சொன்னாரு."

அந்தச் சொல்லை அதே இழுவையில் செத்தவர் வாயிலிருந்து கேட்டவள் நான். ஓடினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பு இரண்டும் நாலு படி கீழே கிடந்தன. முகம் சாம்பலாக இருந்தது. "ஒண்ணுமில்லம்மா, ஒரு மணி பஸ்சப் புடிக்கணும்" என்றார். அப்படியே என் தோளில் சரிந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனபோது நாடி முப்பத்தைந்து. பெரிய டாக்டர் ஓடி வந்தார். ரத்த அழுத்தத்துக்கு அவர் ஊர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை ஒன்று பையில் இருந்தது. அதோடு நம் கேப்ஸ்யூலும் சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. அது மாவா, மருந்தா என்று தெரிந்தால்தான் எப்படி வைத்தியம் செய்வது என்று முடிவெடுக்க முடியும். அதைத் தெரிந்துகொள்ள, ரகசியப் பட்டியல் வைத்திருக்கிற இடத்துக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்ல வேண்டும்.

போனைக் கையில் எடுத்தவள் ஒரு நொடி நின்றேன். மறைக்காமல் சொல்கிறேன். பங்கேற்பாளர் இறந்தால் ஒரு நாளுக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். முப்பத்திரண்டு நாள் ஆகிவிட்டது. இருபத்து மூன்று போன மாதமே ஆய்விலிருந்து விலகிக்கொண்டார் என்று ஒரு வரி எழுதிவிட்டு, இவரை வெளியிலிருந்து வந்த நோயாளியாகச் சேர்த்துவிட்டால் என் வேலை பிழைக்கும். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்கிற நிலைமை எனக்கு அப்போது.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, பேப்பரையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். படுத்திருக்கறது யாருன்னு மொதல்ல அவங்ககிட்ட சொல்லு" என்றார்.

போன் போட்டேன். எண் கேட்டார்கள், சொன்னேன். எழுதி வைத்ததைப் படிக்கிற குரலில் ஒரு பெண் கேட்டாள்: "பங்கேற்பாளர் உயிருடன் இருக்கிறாரா?"

"இருபத்து மூன்று இறந்துட்டாரு. இருபத்து மூன்றோட மருந்தைச் சாப்பிட்டவரு உயிரோட இருக்காரு. அவரைக் காப்பாத்தத்தான் கேக்குறேன்."

இப்படி ஒரு பதிலுக்கு அவளுடைய படிவத்திலும் கட்டம் இருந்திருக்காது. படிக்கிற குரலை விட்டுவிட்டு, "நிஜ மருந்துதான் மேடம், சீக்கிரம் பாருங்க" என்றாள்.

அதற்கு மேல் டாக்டர்கள் பாடு. சாயங்காலத்துக்குள் நாடி அறுபதுக்கு வந்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். டாக்டர் சொன்னபடி அன்றைக்கே மற்ற பங்கேற்பாளர் எல்லோருக்கும் போன் போட்டு, மறு உத்தரவு வரும் வரை மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். வேறு யார் எடுத்தாலும், "அவருகிட்டயே குடுங்க, அவரு குரலக் கேக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் வந்து ஹலோ சொல்கிற வரை எனக்கு மூச்சு வரவில்லை. ஆய்வு நின்றது, விசாரணை வந்தது, என் தவற்றை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அண்ணன் செத்தது மருந்தாலா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவரை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தாகிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன். போனில் தவறிட்டாங்க, போயிட்டாங்க, அவங்க இல்லையே, மௌத்தாயிட்டாங்க என்று எந்தச் சொல் வந்தாலும் பேனாவைக் கீழே வையுங்கள். உயிரோடு இருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்க வாய் கூசும். கூசட்டும், அதனால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் கேட்டேன், அந்தம்மாவுக்குப் போன் போட்டு விவரம் சொல்லிவிடவா என்று. "போன் பண்ணினது போதும். நேர்ல போ" என்றார்.

போனேன். மழை விட்டு உப்பளத்துப் பாத்தியெல்லாம் தண்ணீர் தளும்பி நின்றது. ஆட்டோவிலிருந்து நான் இறங்கும்போதே அந்தம்மா வாசலுக்கு வந்துவிட்டார். கொழுந்தனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். என் கழுத்து அட்டையைப் பார்த்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"அவரும் போயிட்டாராம்மா?"

"உயிரோட இருக்காரும்மா. ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுவாரு."

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "என் கையால எடுத்துக் குடுத்தேனே, என் கையால எடுத்துக் குடுத்தேனே" என்று அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது.

"உங்க மேல தப்பில்லம்மா. அன்னைக்கு நீங்க தவறிட்டாங்கன்னு சொன்னதை ஆஸ்பத்திரிக்கு வரத் தவறிட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன். இறந்துட்டாருன்னு தெரியாமத்தான் வரச் சொன்னேன். என்னை மன்னிச்சுடுங்க."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"தெரியாமத்தான் சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

"நான்தான் கேட்டேனேம்மா, வருவாங்களான்னு. கண்டிப்பா வரணும்னீங்க. அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில சொல்றாங்களே, ஏதோ வழி இருக்கும்போலன்னு நெனச்சுட்டேன். பதினாறும் முடிஞ்சு, வரலன்னு ஆனப்புறம்தான் மாத்திரைய எடுத்துத் தம்பிகிட்டக் குடுத்தேன். அதுவரைக்கும் நான் கதவைத் தாழ் போடலம்மா."